மாவுக்கட்டு சாரின் பிரமோஷன்

தனக்கு வரவேண்டிய பிரமோஷனைத் தானே குறுக்கே விழுந்து தடுப்பதில் மாவுக்கட்டு சாரை மிஞ்ச இந்திய மருத்துவ உலகத்தில் ஆள் கிடையாது. சும்மா சொல்லவில்லை. ஒன்பது வருடம் அந்த மனுஷனுடைய ஃபைலைக் கட்டிக்கொண்டு மாரடித்தவள் நான்.

திண்டிவனத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவில் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி. பெயர் எதற்கு, விடுங்கள். அதன் டீன் அலுவலகத்தில், டாக்டர்களின் நியமனமும் பதவி உயர்வும் அடங்கிய இரண்டு பீரோக்களுக்கு நான்தான் பொறுப்பு. நான் படித்தது பி.காம். ஆனாலும் எந்த டாக்டர் எந்த மாதம் அசோசியேட் புரொபசர் ஆவார் என்று ஜோசியக்காரர் தோற்றுப்போகிற மாதிரி சொல்வேன். விதிகள் அத்தனையும் மனப்பாடம். உதவிப் பேராசிரியராக இத்தனை வருடம் இருந்திருக்க வேண்டும், இன்னின்ன பயிற்சி முடித்திருக்க வேண்டும், இரண்டு ஆராய்ச்சிக் கட்டுரை அச்சாகியிருக்க வேண்டும், அல்லது அச்சுக்கு ஏற்கப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கட்டுரைகளில் அவர் பெயர் முதல் மூன்று பேருக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், கட்டுரை சம்பந்தமான கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பாளர் என்று பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்க வேண்டும். குறியில்லாமல் நாலாவதாக நிற்கிறவர் கட்டுரை எழுதாதவருக்குச் சமம்.

மாவுக்கட்டு சார் எலும்பு முறிவு டாக்டர். வேலைக்கான நேர்காணலில் நான்தான் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். டீன் எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை இவரிடமும் கேட்டார்.

"எங்க காலேஜுக்கு ஏன் வரணும்னு நினைக்கறீங்க டாக்டர்?"

"ரோட்டைப் பார்த்தேன் சார். வேலை நிறைய இருக்கும்னு தோணுச்சு."

"சரி, உங்க தனித்திறமைன்னு எதைச் சொல்லுவீங்க?"

"மாவுக்கட்டு நல்லாப் போடுவேன் சார்."

எம்.எஸ். படித்த மனிதர் சொல்கிற பதிலா இது? மற்றவர்கள் மூட்டு மாற்று, ரோபோ என்று அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அன்று மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் கல்லூரி முழுக்க அவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒட்டியது யார் என்று கேட்காதீர்கள்.

மற்ற டாக்டர்கள் மாவுக்கட்டை டெக்னீஷியனிடம் விட்டுவிட்டுக் கை கழுவப் போவார்கள். இவர் பிளாஸ்டர் அறையிலேயே கிடப்பார். தலைமுடி, கண்ணாடி, சட்டைப்பை, டிபன் பாக்ஸ் மூடி எல்லாவற்றிலும் வெள்ளை மாவு. முகத்தைக் காட்டி வருகை பதியும் மெஷின் வந்த புதிதில் அது இவரை அடையாளம் தெரியாது என்று சொல்லிவிட்டது. மூன்று நாள் ஆப்சென்ட். நான் ஈரத்துண்டை எடுத்துக்கொண்டு போய் முகத்தைத் துடைத்துக்கொள்ளச் சொன்ன பிறகுதான் மெஷின் ஒத்துக்கொண்டது.

திண்டிவனத்திலிருந்து நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வருவோம். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பேன். அவர் உள்ளே இருப்பவர்களின் கைகால்களைப் பார்ப்பார். ஒருநாள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டையோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். இடது மணிக்கட்டைத் துண்டால் சுற்றியிருந்தார்.

"எப்ப விழுந்தீங்க?" என்றார் சார்.

"முந்தாநேத்து. அது வீக்கம்தான், போயிடும்."

"போகாது. எங்ககூட எறங்குங்க."

"யோவ், நான் விழுப்புரம் மார்க்கெட்டுக்குப் போய்க்கினு இருக்கேன்யா. ஜல்தியா போவணும்."

கல்லூரி வாசலில் பஸ் நின்றதும் சார் மூட்டையைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். மூட்டை போன பின் ஆள் போகாமல் என்ன செய்வார்? திட்டிக்கொண்டே பின்னால் ஓடினார். கையில் கட்டோடு அடுத்த பஸ்ஸில் மார்க்கெட்டுக்குப் போனவர், போகும்போது எனக்கும் ஒரு கை மல்லாட்டை கொடுத்துவிட்டுப் போனார்.

இப்படிப்பட்டவரின் முதல் கட்டுரை அச்சாகி வந்தபோது நான் ஆசையாக வாங்கிப் பார்த்தேன். முதல் பெயர் ஏழுமலை. பிளாஸ்டர் அறை டெக்னீஷியன். இரண்டாவது பெயர் வார்டு நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர். மூன்றாவது ஒரு ஜூனியர் டாக்டர். தாளை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

"சார், உங்க பேரு எங்க?"

"இருக்கே மேடம். கீழ பாருங்க."

"எட்டாவதா போட்டிருக்கீங்க."

"எட்டு பேர்தானே வேலை செஞ்சோம்."

"சரி, அந்த நட்சத்திரக் குறியாவது உங்க பேருக்கு இருக்கக் கூடாதா? அதையும் ஏழுமலை அண்ணனுக்குப் போட்டு வச்சிருக்கீங்க."

"யாராவது போன் பண்ணா எடுக்கணும் இல்ல? நான் ஆபரேஷன் தியேட்டர்ல இருப்பேன். ஏழுமலை முதல் ரிங்லயே எடுத்துடுவாரு."

மூன்றாவதாக இருந்த ஜூனியர் அந்தக் கட்டுரையையும் காட்டிப் பதவி உயர்வு வாங்கி, சாருக்கே மேலதிகாரி ஆனார். அன்றைக்கு அலுவலகம் முழுக்க ஜாங்கிரி கொடுத்தது ஜூனியர் இல்லை, மாவுக்கட்டு சார். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஜாங்கிரியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் பாதி சாப்பிட்டேன்.

அடுத்த கட்டுரையில் மட்டும் அவர் பெயர் இரண்டாவதாக வந்தது. அவர் லீவில் இருந்தபோது ஜூனியர்கள் செய்த நல்ல காரியம். ஆக ஒன்று கணக்கில் ஏறியது, இன்னும் ஒன்று தேவைப்பட்டது.

அந்தச் சமயத்தில்தான் நிர்வாகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. வருடக் கடைசிக்குள் பதவி உயர்வுக்குத் தகுதி பெறாதவர்களின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. டைப் அடித்தது நான்தான். பட்டியலில் மூன்று பேர். இரண்டு பேர் ஏற்கெனவே வேறு கல்லூரி பார்த்துக்கொண்டவர்கள். மிச்சம் இருந்தது மாவுக்கட்டு சார் மட்டும். கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"சரி மேடம். வேற ஊர்லயும் கை ஒடைஞ்சவங்க இருக்கத்தானே செய்வாங்க."

அவருக்கு அவ்வளவுதான். எனக்குத்தான் அப்படி விட முடியவில்லை. திருவெண்ணெய்நல்லூரிலிருந்தும் வல்லத்திலிருந்தும் பஸ் மாறி வருகிறவர்கள் ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் டாக்டர் பெயரைச் சொல்ல மாட்டார்கள், துறையைச் சொல்ல மாட்டார்கள், "மாவுக்கட்டு டாக்டருக்கு ஒரு சீட்டு" என்றுதான் கேட்பார்கள். அவர்களிடம் யார் போய் விதியை விளக்குவது?

"உங்ககிட்ட எழுதி முடிச்ச கட்டுரை ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டேன். இருந்தது. அதுவும் பிரமாதமான கட்டுரை.

விஷயம் இதுதான். கரும்பு லோடு மேலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்து வருகிறவர்களுக்கு முழங்கைக்கு மேல் வரை நீளக் கட்டு போடுவார்கள். வீட்டுக்குப் போன பத்தாம் நாளே அவர்கள் அதை வெட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். மாடு கறக்க வேண்டாமா, களி கிண்ட வேண்டாமா? டாக்டர்கள் திட்டிவிட்டு மறுபடி நீளமாகவே போடுவார்கள். ஏழுமலைதான் கவனித்திருக்கிறார், எல்லாரும் ஒரே இடத்தில், முழங்கைக்குக் கீழே, அளந்து வைத்த மாதிரி வெட்டிக்கொண்டு வருவதை. "சார், அவங்க வெட்டற எடத்துல நாமளே நிறுத்திட்டா என்னா?" என்று கேட்டிருக்கிறார். சார் அதைப் பிடித்துக்கொண்டார். அப்படிப்பட்ட முறிவுகளில் எதற்குக் குட்டைக் கட்டு போதும் என்று பிரித்து, இரண்டு வருடம் போட்டுப் பார்த்து எழுதியிருந்தார். எலும்பு அதே மாதிரி கூடியது, கையும் சீக்கிரம் மடங்கியது.

கட்டுரைத் தலைப்பின் கீழே பெயர் வரிசையைப் பார்த்தேன். சார் ஏழாவது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஒண்ணாவதா போடுங்க சார்."

"எப்பிடி மேடம்? ஐடியா ஏழுமலையோடது."

"ரெண்டு."

"யாரு எப்ப வந்தாங்க, எப்ப வெட்டினாங்கன்னு ஒருத்தர் விடாம எழுதி வச்சது ஸ்டெல்லா சிஸ்டர்."

"மூணாவது குடுங்க, போதும்."

"ஒவ்வொரு கையா எவ்ளோ மடங்குதுன்னு அளந்தது பிசியோதெரபி சுகந்தி. ரெண்டு வருஷம் மேடம்."

"அப்ப நீங்க என்னதான் பண்ணீங்க?"

"எழுதினேன். அதெல்லாம் ஒரு வேலையா?"

மறுநாள் அவரே வந்தார். நடுவில் இருந்த மூன்று டாக்டர்கள் டீ குடிக்க மட்டும்தான் பிளாஸ்டர் அறைக்கு வந்தார்கள் என்று யோசித்துப் பார்த்ததில் தெரிந்ததாம். அவர்களை எடுத்துவிட்டார். "நாலு வரைக்கும் மேல வந்துட்டேன் மேடம். உங்க விதியும் கொஞ்சம் எறங்கி வரணும்" என்றார். காய்கறிக் கடையில் பேரம் பேசுகிற தினுசில் மனிதர் நின்றுகொண்டிருந்தார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

நட்சத்திரக் குறியைப் பற்றிக் கேட்டதற்கு, போன் எடுக்கும் விஷயத்தில் ஏழுமலையை மிஞ்ச முடியாது என்று பழைய பாட்டையே பாடினார். வேறு வழியில்லாமல் ஏழுமலையிடம் போய் ஒப்பந்தச் சமாசாரத்தைச் சொன்னேன். அவர் நேராக சாரிடம் போய் நின்றார்.

"சார், என் பேர எடுத்துடுங்க. எனக்கு எதுக்கு இது? ரேஷன் கார்டுல பேரு இருக்குது, அது போதும்."

"இந்த எடத்துல நிறுத்தலாம்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

பெயர் இருக்கிற எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்ப முடியும். ஸ்டெல்லா சிஸ்டரும் பேனாவை மூடி வைத்துவிட்டார். "நானும் போடல டாக்டர். நீங்க போயிட்டா இந்த பேப்பர வச்சி நாங்க என்ன பண்றது?"

"அப்ப கட்டுரையே வேணாம்" என்று சொல்லி சார் அதை மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

பத்து நாள் அந்த அறையில் பேச்சுவார்த்தை கிடையாது. சார் கையை நீட்டுவார், ஏழுமலை நனைத்த கட்டுத்துணியை அதில் வைப்பார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். நடுவில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பொறுக்காமல் கேட்டுவிட்டார். "ரெண்டு பேரும் எதுனா சண்டையா? இருந்தா அப்பறமா போட்டுக்கோங்க. என் கைய கோணலா கட்டிடப் போறீங்க."

கடைசியில் இறங்கி வந்தது ஏழுமலை. "பேஜாரு புடிச்ச மனுஷன் மேடம். நம்ம வழிக்கு வர மாட்டாரு. பேப்பராவது போவட்டும்" என்று கையெழுத்துப் போட்டார். சிஸ்டரும் போட்டார். கட்டுரை ஏழுமலையின் நட்சத்திரத்தோடு போய்ச் சேர்ந்தது. சார் நாலாவதாகவே நின்றார். நான் காலண்டரைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

ஐந்தாறு வாரம் போயிருக்கும். ஏழுமலை மாவுக் கையோடு என் மேசைக்கு ஓடி வந்தார்.

"மேடம், அந்தப் பத்திரிகைலேர்ந்து போன் பண்ணாங்க. பூரா இங்கிலீசு. எதையோ கேட்டுக்கினே இருந்தாங்க. நான் எல்லாத்துக்கும் ஓகே சொல்லிட்டேன்."

"என்ன கேட்டாங்க அண்ணே?"

"அது தெரிஞ்சிருந்தா நான் ஏன் ஓகே சொல்றேன்?"

எனக்குச் சட்டென்று வழி தெரிந்தது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருந்து சாரைப் பிடித்தேன்.

"சார், பத்திரிகைக்காரங்க கேள்வி கேட்டிருக்காங்க. ஏழுமலை அண்ணன் போனைத்தான் எடுக்க முடியும். பதில் யார் சொல்றது?"

"நான்தான் சொல்லணும்."

"அப்ப பொறுப்பாளர் யாரு?"

சார் யோசித்தார். "அது மரியாதை மாதிரி எதுவும் இல்லையே மேடம்? வேலைதானே?"

"வேலைதான் சார். தொல்லை புடிச்ச வேலை. நேரங்காலம் இல்லாம மெயில் வரும்."

"அப்ப மாத்திடுங்க. ஏழுமலைக்கு எதுக்கு அந்தத் தொந்தரவு?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு நான் திரும்பி நடந்தேன். ஒன்பது வருடத்தில் அவரிடம் நான் ஜெயித்தது அந்த ஒரு தடவைதான்.

ஆனால் பத்திரிகைக்காரர்கள் கேட்டிருந்த கேள்வி சாதாரணமானது இல்லை. குட்டைக் கட்டு போட்டவர்களில் எத்தனை பேர் பழையபடி வேலைக்குத் திரும்பினார்கள்? அதைச் சேர்த்தால்தான் கட்டுரையை ஏற்போம் என்றார்கள். அறுபத்துச் சொச்சம் பேர். சாருக்கு ஓ.பி., சிஸ்டருக்கு வார்டு. யார் போன் போடுவது? நான் போட்டேன். ஒரு வாரம் மதியச் சாப்பாட்டை ஒரு கையிலும் அலுவலக ரிசீவரை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, சார் கொடுத்த கட்டம் போட்ட தாளில் பதில்களைக் குறித்தேன். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தியின் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

"வேலைக்குப் போறீங்களாம்மா?"

"இப்பக்கூட மல்லாட்டை புடுங்கிக்கினுதான் இருக்கேன். ஏம்மா, அந்த மாவுக்கட்டு டாக்டரு இருக்காரு இல்ல?"

"இருக்காரு."

"எங்க வூட்டுக்காரருக்குத் தோள்பட்டை வலி. வர்ற மாசம் இட்டுக்கினு வரலாம்னு. அவரு இல்லன்னா இப்பவே சொல்லிடு, ரெண்டு பஸ்ஸு மாறி வரணும்."

"இருப்பாரும்மா. இட்டுக்கினு வாங்க" என்றேன். போனை வைத்துவிட்டு டிபன் பாக்ஸை மூடினேன். வருகிற மாதம் அவர் இருப்பாரா என்பது எனக்கே தெரியாது.

குறித்து முடித்த தாள்களை சார் வந்து வாங்கிக்கொண்டார். நாலைந்து இடத்தில் கையெழுத்துக் கேட்டார். ஒருநாளைக்கு நாற்பது தாளில் கையெழுத்துப் போடுகிறவள் நான். இதிலும் போட்டேன்.

தேர்வுக் குழு கூடுவதற்கு முந்தைய நாள் கட்டுரை ஏற்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. மறுநாள் சார் அதையும் கட்டுரையையும், என்னிடம்கூடக் காட்டாமல், தன் கையாலேயே குழுவிடம் கொடுத்தார். டீன் நடுவில், வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் பக்கத்தில், மூலையில் குறிப்பேட்டோடு நான். டீன் பெயர்களைப் படித்தார்.

"ஏழுமலை. இவர் எந்த டிபார்ட்மென்ட்?"

"பிளாஸ்டர் ரூம் சார். ஐடியா அவரோடது."

டீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ஸ்டெல்லா மேரி, சுகந்தி என்று படித்துக்கொண்டே போனவர் நாலாவது பெயரில் நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இது நீங்களா?"

எனக்குப் புரியவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். நாலாவதாக என் பெயர், இனிஷியலோடு.

"அறுபது பேருக்கு மேல அவங்கதான் சார் போன் பண்ணாங்க" என்றார் மாவுக்கட்டு சார். "அந்தக் கணக்கு இல்லன்னா பேப்பர் வந்திருக்காது."

என் கண் அடுத்த வரிக்குப் போனது. சார் ஐந்தாவதாக இருந்தார். பாவி மனுஷன், அங்கேயும் ஒரு படி இறங்கி எனக்கு இடம் விட்டிருக்கிறார். குறியையும் யாருக்காவது கொடுத்துவிட்டாரா? அப்புறம்தான் அவர் பெயரின் ஓரத்தில் அந்தக் குறியைப் பார்த்தேன். அது பத்திரமாக இருந்தது.

கட்டுரையில் பெயர் இருப்பவர் இங்கே குறிப்பு எடுக்கலாமா என்று வெளியூர்ப் பேராசிரியர் கேட்டார். கூடாதுதான். அந்த விதியும் எனக்கு மனப்பாடம். வெளியே வந்தேன். வராந்தாவில் ஏழுமலையும் ஸ்டெல்லா சிஸ்டரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்னா மேடம், எழுந்து வந்துட்டீங்க?"

"என் பேரையும் போட்டு வச்சிருக்காரு அண்ணே."

ஏழுமலை சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "நீங்களும் மாட்டிக்கினீங்களா?"

கால் மணி நேரத்தில் சார் வெளியே வந்தார். "குறி இருந்தா போதுமா, வரிசையும் வேணுமான்னு பேசிக்கினு இருக்காங்க. எனக்கு ஓ.பி.ல ஆளு காத்திருக்கு" என்று போயே போய்விட்டார். நாங்கள் மூன்று பேரும் அவருக்குப் பதிலாக வேர்த்துக்கொண்டு நின்றோம். பிறகு டீன் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"விதிப்படி சரியாத்தான் இருக்கு. முடிவை மட்டும் எழுதிக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டு மெதுவாக வாசகத்தைச் சொன்னார். எலும்பு முறிவுத் துறையில் இணைப் பேராசிரியராகப் பதவி உயர்வு அளிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது. எத்தனையோ பேருக்கு எழுதிய அதே வரிதான். அன்றைக்கு அதை இரண்டு தடவை அடித்துத் திருத்தித்தான் எழுத முடிந்தது. கண் மறைத்தது.

இரண்டு வருடமாக நான் அங்கே இல்லை. வேலையை விட்டுவிட்டு இப்படி வாராவாரம் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பெயர் முதன்முதலில் எந்தப் பத்திரிகையில் வந்தது என்று யாராவது கேட்டால், ஒரு எலும்பு முறிவு மருத்துவ இதழில் என்று சொல்வேன். நம்ப மாட்டார்கள். அந்தப் பக்கத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் எனக்கு அடுத்து, கீழே, அவர் நிற்கிறார். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.